நெட்வொர்க்கிங் டிப்ளமோ: கட்டணம் கட்டுவதற்கு முன் லேபைப் போய்ப் பாருங்கள்

கணினிகளை இணைக்கும் துறையான நெட்வொர்க்கிங்கில் டிப்ளமோ படித்து முடித்து, இப்போது அதே துறையில் வேலையும் பார்க்கிறேன். அதனால் "ஏமாந்துவிட்டேன், யாரும் சேராதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓராண்டுப் படிப்பு என்று சொல்லிச் சேர்த்தது இழுத்துக்கொண்டே போய் முடிவதற்குள் பட்ட பாடும், திரும்பி வராத பணமும் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் படித்தவர் ஒருவரும் கிடையாது. விளம்பரத் தாளில் அச்சடித்திருந்ததும் சேர்க்கைப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதும்தான் எனக்குக் கிடைத்த தகவல். சேர யோசிக்கிறவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கட்டும்.

விளம்பரத் தாளில் "சர்வதேசச் சான்றிதழுடன் டிப்ளமோ" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழும் சேர்த்துத்தான் இந்தக் கட்டணம் என்று நான் புரிந்துகொள்ளும்படியே பேசினார்கள். படிப்பின் பாதியில் ஒரு நாள் தேர்வுத் தேதியைப் பற்றிக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அவர்கள் தருவது "சிசிஎன்ஏ பயிற்சி பெற்றவர்" என்று நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் தாள். சிஸ்கோவின் தேர்வு வேறு. அதற்குத் தனியாகப் பதிவு செய்து, தனியாகப் பணம் கட்டி, பியர்சன் வியூ என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் வழியாக எழுத வேண்டும். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: அந்தத் தேர்வை எழுத டிப்ளமோவே தேவையில்லை, முன்தகுதி எதுவும் கிடையாது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, இது தெரியாமல் இத்தனை மாதம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே என்கிற கூச்சம்தான் அதிகம்.

ஆகவே சேருவதற்கு முன் சில கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் மின்னஞ்சலிலேயே வரட்டும். "சான்றிதழ் உண்டு" என்றால் யார் கொடுக்கும் சான்றிதழ்? வெளித் தேர்வின் கட்டணம் இதில் அடக்கமா, இல்லையா? டிப்ளமோவை அங்கீகரிப்பது எந்த அரசு வாரியம் அல்லது பல்கலைக்கழகம்? அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அந்த வாரியத்தின் சொந்தப் பட்டியலில் பாருங்கள், நிறுவனம் காட்டும் சட்டம் போட்ட தாளில் அல்ல. பிறகு பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர இது உதவுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அங்கீகாரம் இல்லாத டிப்ளமோவிலும் நல்ல பயிற்சி கிடைக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ அது தடையாகப் போகிறது என்றால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னார்கள். அந்தத் தள்ளுபடி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பின்னால் புரிந்தது. இரண்டாம் பகுதியில் சர்வர் நிர்வாகமும் பாதுகாப்பும் நடத்துவதாக இருந்தது. அந்தப் பாடங்களை எடுக்க வேண்டிய ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "அடுத்த வாரம் புது ஆள் வருகிறார்" என்று வாரக்கணக்கில் சொன்னார்கள். கடைசியில் ஸ்லைடுகளை அனுப்பி வைத்து, பாடம் முடிந்தது என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள், பேச்சு முடிந்தது. ஆகவே தள்ளுபடி போனாலும் போகட்டும், பகுதி பகுதியாகவே கட்டுங்கள். ஒரு பகுதி நடந்து முடிந்த பிறகு அடுத்த தவணை. ஒப்புக்கொள்ளாத இடம் என்றால் அதுவே ஒரு பதில்தான். வகுப்பு நடக்காத நாட்களைக் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகப் போடும் புகாருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை, தேதி போட்ட பட்டியலுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

பாடத்திட்டம் அடுத்த ஏமாற்றம். முதல் சில வாரங்கள் கணினிகளை இணைக்கும் வடிவங்களை பஸ், ஸ்டார், ரிங் என்று படம் வரைந்தோம். டோக்கன் ரிங், ஃபிரேம் ரிலே, ஹப் என்று வழக்கொழிந்த தொழில்நுட்பங்கள் எல்லாம் விரிவாக நடந்தன. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் தரும் எண்ணான ஐபி முகவரியை ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்த வகுப்புப் பிரிவுக்குப் பதிலாக, முகவரிகளைத் தேவையான அளவில் பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்தது 1993-இல். வரலாறாகச் சொல்லிக்கொடுத்தால் தவறில்லை, ஆனால் இன்றைக்கு நடக்கிற வேலை மாதிரிச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபக்கம் ஐபி முகவரியின் புதிய பதிப்பான ஐபிவி6-க்கு ஒரே ஒரு வகுப்பு. பழைய பதிப்பான ஐபிவி4 முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது என்பதைக்கூட நான் வெளியில்தான் படித்தேன். வைஃபை பாடம் டபிள்யூஇபி என்ற பழைய குறியாக்க முறையோடு நின்றது. அது 2004-லேயே கைவிடப்பட்ட முறை.

இதைச் சேரும் முன்பே கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். எங்களுடையதில் 200-125 என்ற தேர்வு எண் இருந்தது. அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 200-301 வந்துவிட்டது. புதியதில் வயர்லெஸ், பாதுகாப்பு அடிப்படைகள், ஆட்டோமேஷன் எல்லாம் உண்டு. ஆட்டோமேஷனுக்கு மட்டும் பத்து சதவீத மதிப்பெண். எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லே காதில் விழவில்லை. சிஸ்கோ தன் தேர்வுக்கான தலைப்புப் பட்டியலை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. அதையும் நிறுவனத்தின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், துறை பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் ஓட்டை தெரிந்துவிடும். சிசிஎன்ஏ எழுதும் எண்ணமே இல்லாவிட்டாலும் அளந்து பார்க்க அது நல்ல அளவுகோல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் லேப். சேர்க்கையின்போது கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார்கள். ரேக்கில் அழகாக விளக்குகள் மின்னின. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அதில் வேலை செய்கிற ரவுட்டர் ஒன்று, கணினிகளை இணைக்கும் சுவிட்சுகள் சில, அவற்றைக் கணினியிலிருந்து அமைக்கச் செருகும் கன்சோல் கேபிளும் ஒன்றே ஒன்று. ஆசிரியர் தட்டுவார், நாங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். "கான்ஃபிக் (சாதனத்தில் செய்து வைத்த அமைப்பு) போய்விடும், கை வைக்காதீர்கள்" என்பதுதான் அந்த அறையில் அதிகம் கேட்ட வாக்கியம். கான்ஃபிக் போகட்டும் என்றுதானே லேப்! நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டுக் கரையிலேயே நிற்க வைத்த மாதிரி இருந்தது. எனவே ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது போய், லேபில் ஒரு கன்சோல் கேபிளுக்கு எத்தனை மாணவர்கள் என்று எண்ணுங்கள். அப்புறம், "சுவிட்சை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து நானே அமைக்கலாமா?" என்று கேளுங்கள். தயங்காமல் "தாராளமாக" என்று சொல்லும் இடத்தில் பாடத்திட்டம் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் சேரலாம் என்பேன். கணினிகள் மட்டும் வரிசையாக இருக்கிற ஏசி அறையை லேப் என்று காட்டினால் நம்பாதீர்கள்.

படிப்பில் நான் மூச்சுமுட்டியது சப்நெட்டிங்கில், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கில். பலகையில் இரண்டின் அடுக்குகளை எழுதி, கழித்தல் இரண்டு என்ற சூத்திரத்தைப் போட்டு, ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள். எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டில் நோட்டைத் திறந்தால் ஒன்றும் ஓடாது. எனக்குக் கணக்கு வராது, இந்தத் துறையே சரிப்பட்டு வராது என்று நினைத்து, பாதியில் நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் வழி திறந்தது இரும எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டங்களாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான். 192.168.10.77/27 என்று ஒரு முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். /27 என்றால் நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கின் கடைசி எண் 224. 256-லிருந்து 224-ஐக் கழித்தால் 32. ஆகவே கட்டங்கள் 0, 32, 64, 96 என்று போகும். 77 உட்காருவது 64-இல் தொடங்கும் கட்டத்தில். அந்த நெட்வொர்க்கின் முகவரி 64, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 95, நடுவில் 65 முதல் 94 வரை முப்பது முகவரிகள் கணினிகளுக்கு. அவ்வளவுதான். இப்போது அந்தக் கணினிக்கு கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) 192.168.10.97 என்று யாராவது கொடுத்திருந்தால் ஏன் வெளியே போக முடியாது என்பது தானாகத் தெரியும்: 97 அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கேள்வியை இப்படி ஒரு பழுதோடு முடிச்சுப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குச் சப்நெட்டிங் மேல் இருந்த பயம் போனது. இரும எண்களும் தேவைதான், ஆனால் இதற்கு அப்புறம் படித்தால் தானாகப் புரிகிறது. தினமும் நாலைந்து கணக்கு போதும். ஒரே நாளில் நூறு போட்டால் மறுநாள் மறந்துவிடும்.

நிறுவனத்தின் லேபில் கை வைக்க முடியாது என்று ஆனதும், சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர்தான் கை கொடுத்தது. அவர்களுடைய பயிற்சித் தளமான நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கும், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஒருவரும் சொல்லவில்லை. அது உண்மையான சாதனம் அல்ல, பாவனை மென்பொருள்தான், எல்லாக் கட்டளைகளும் அதில் வேலை செய்யாது. ஆனால் முதல் ஆறு மாதப் படிப்புக்கு அது போதும். ஜிஎன்எஸ்3 போன்ற வேறு லேப் மென்பொருள்களுக்கு வலுவான கணினியும், சாதனத்தின் மென்பொருளை முறையாகப் பெறும் வழியும் வேண்டும். அதை முதலிலேயே தொட்டு நொந்துபோகாதீர்கள்.

பாக்கெட் டிரேசரில் பயிற்சி செய்வதற்கும் ஒரு முறை உண்டு. புத்தகத்தில் இருக்கும் கட்டளைகளை வரிசையாகத் தட்டி, எல்லாம் பச்சையானதும் மூடிவிடுவது பயிற்சி அல்ல. ஓடுகிற நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, மறுநாள் திறந்து எங்கே கெடுத்தோம் என்று தேட வேண்டும். ஒரு போர்ட்டை வேறு விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போடுங்கள், கேட்வேயை மாற்றுங்கள், கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் முகவரிகளைக் குறைத்துத் தீர்ந்துபோகச் செய்யுங்கள், இரண்டு சுவிட்சுகளை இரண்டு கேபிளால் இணைத்து, அப்படி உண்டாகும் வளையத்தைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திப் பாருங்கள். இதைப் பழைய சுவிட்சுகளில் நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறி பிடித்தது போல மின்னும், எதுவும் வேலை செய்யாது. ஐபி பாக்கெட் என்ற தரவுப் பொட்டலத்துக்கு டிடிஎல் என்று ஆயுள் உண்டு, அதைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. அதனால் பிராட்காஸ்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், நின்று போக வழியே இல்லை. அதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையைக் கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கினார். அந்தப் பாடத்தை எங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்தார்கள். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால், அலுவலக நெட்வொர்க் மொத்தமாகப் படுத்துவிட்டது என்று அழைப்பு வரும்போது முதலில் சந்தேகப்பட வேண்டிய விஷயங்களில் அதுவும் ஒன்று. மேசைக்கு அடியில் தொங்கிய கேபிளை யாரோ நல்லெண்ணத்தில் சுவரில் இருக்கும் இன்னொரு முனையில் செருகியிருப்பார்கள்.

கேபிள் வேலையைக் கேவலமாக நினைத்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். "நாங்கள் இன்ஜினியர் ஆக வந்தோம், வயர் இழுக்கவா?" என்பார்கள். முதல் வேலையில் பெரும்பாலும் வயர்தான் இழுப்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். கேபிளில் முனையைப் பொருத்தும் கிரிம்பிங் கருவியைப் பிடித்துப் பழகுங்கள். கேபிள் முனையில் கம்பிகளை அடுக்கும் டி568பி வரிசை (வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு) தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஒரு கேபிளின் நீளத்துக்கான நூறு மீட்டர் வரம்பு ஏதோ தேர்வுக்கான எண் அல்ல, அதைத் தாண்டி இழுத்த கேபிள் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, தேடித் தேடி உயிர் போகும். நூறு எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு முழுக்க அறுந்து போகாமல் நூறுக்கு இறங்கி ஓடுவதும் உண்டு. "நெட் வருகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்கு மென்பொருளில் தேடிக்கொண்டிருப்போம், குற்றவாளி அந்தச் சின்ன பிளாஸ்டிக் முனையில் இருப்பான்.

தேர்வு நெருங்கியபோது டம்ப்ஸ் எனப்படும் திருட்டு வினாத்தாள் தொகுப்புகள் வகுப்பில் கைமாறின. நிறுவனத்தில் இருந்தவர்களே கண்ணடித்துக் கொடுத்தார்கள். அதில் நியாய அநியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்து, மீண்டும் எழுத விடாமல் தடுக்கவும் சிஸ்கோவின் விதிகளில் இடமிருக்கிறது. பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் பத்து நிமிடம் தாங்காது. என்னுடைய நேர்காணலில் பாடப் புத்தகத்தில் வரும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஒரு மடிக்கணினியைத் திருப்பி வைத்தார்கள், முகவரி 169.254 என்று தொடங்கியது. "இவருக்கு நெட் வரவில்லை என்கிறார், என்ன பார்ப்பீர்கள் தம்பி?" என்றார் எதிரில் இருந்தவர். டிஹெச்சிபியிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். அப்புறம் கேபிளும் போர்ட் விளக்கும், போர்ட் சரியான விலேனில் இருக்கிறதா, பக்கத்துக் கணினிக்கு வருகிறதா, முகவரிகள் தீர்ந்துவிட்டனவா, டிஹெச்சிபி சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால் கோரிக்கையை அங்கே அனுப்பி வைக்கும் ஹெல்பர் அட்ரஸை ரவுட்டரில் போட்டிருக்கிறதா என்று வரிசையாகச் சொன்னேன். அந்தக் கடைசிக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் நடைமுறையில் என்ன கெடும் என்பதை நான் இரவில் உட்கார்ந்து கெடுத்துப் பார்த்திருந்தேன். டிப்ளமோவின் மதிப்பெண் தாளை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, கட்டிய கட்டணத்தை நினைத்தால் வயிறு எரியவும் செய்தது.

"வேலை உறுதி" என்று போட்டிருந்தார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். உறுதி செய்யப்பட்டது வேலை அல்ல, நேர்காணல் அழைப்பு. அதிலும் பாதி, கருவிகள் விற்கும் வேலைக்கான அழைப்பு. கேட்டால், நெட்வொர்க் கருவிகள்தானே என்றார்கள். நான் எனக்கான இடத்தை நானே தேடிக்கொண்டேன், முதலில் ஹெல்ப் டெஸ்க், பிறகு இரவுப் பணியோடு கண்காணிப்பு மையம். தொடக்கச் சம்பளம் விளம்பரத்தில் பார்த்ததன் பக்கத்தில்கூட வராது. அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் அத்தனை மனச்சோர்வு வந்திருக்காது. இரவுப் பணியில் கூட இருந்த மூத்த அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்களை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தொலைவில் இருக்கும் ரவுட்டரில் ஆபத்தான மாற்றம் செய்யும் முன், பத்து நிமிடத்தில் அது தானாக ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்படி கட்டளை கொடுத்துவிடு, இணைப்பு அறுந்தாலும் சேமித்து வைத்த பழைய கான்ஃபிக்கோடு அது எழுந்து வரும், எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமித்துக்கொள் என்பது ஒன்று. பல விலேன்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் புது விலேனை அனுமதிக்கும்போது "ஆட்" (add) என்ற சொல்லை விட்டுவிட்டால், ஏற்கெனவே அனுமதித்த பட்டியல் முழுவதும் போய் புதியது மட்டும் நிற்கும் என்பது மற்றொன்று. அந்த மூன்றெழுத்துச் சொல் விடுபட்டதால் ஒரு மாடி முழுக்க இருண்டுபோன கதை இந்தத் துறையில் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

டிப்ளமோ சான்றிதழ் கைக்கு வர, படிப்பு முடிந்தும் பல மாதம் இழுத்தடித்தார்கள். அதற்குள் சம்பளத்தில் சேர்த்து வைத்து, சிசிஎன்ஏ தேர்வுக்கு நானே பணம் கட்டி எழுதித் தேர்ச்சி பெற்றேன். அதை எழுதப் போகிறவர்களுக்கு: பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் உட்பட, இல்லாவிட்டால் மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். நேரம் 120 நிமிடம். ஒரு கேள்வியை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது, அதனால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டு வைக்காதீர்கள், தெரியாவிட்டாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகருங்கள். தேர்ச்சி மூன்றாண்டுகள்தான் செல்லும், அதற்குள் மறுபடி எழுதியோ தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்தோ புதுப்பிக்க வேண்டும். தேர்வு மையத்தில் எழுதிப் பார்க்க அழிபலகை ஒன்று கொடுப்பார்கள். நான் உட்கார்ந்ததும் முதல் வேலையாக 128, 192, 224, 240 என்று மாஸ்க் எண்களையும் அவற்றின் கட்ட அளவுகளையும் அதில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன்.